இருபத்திரண்டு கண்ணி

அத்தியாயம் ஒன்பது

அன்றைக்குக் காலை திருமலைச்சாமி துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பியது அவருடைய பதினெட்டாவது பின்னல் சதுரம். அதுவும் பாதிதான் முடிந்திருந்தது.

முந்தைய பதினேழும் எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டு அடுப்படியில்தான் போய்ப் பார்க்க வேண்டும். அவருடைய அக்கா சின்னத்தாயி அவற்றைப் பிடித்துத்தான் கொதிக்கிற சட்டியை இறக்குகிறாள்.

"ஏலே, நீ போடுறது துணியா, பலகையா?" என்று அன்றும் வாசலில் நின்று கேட்டாள். "ஒரு பொட்டு சூடு கையில ஏற மாட்டேங்குது. இன்னும் ரெண்டு போட்டுக் குடு. என் மருமகளுக்கு அனுப்பணும்."

"இதுதான்க்கா கடைசி."

"கடைசின்னா? முடிச்சுட்டியா, விட்டுட்டியா?"

அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பனி கொட்டிக் கிடந்த பாதையில் பஸ்ஸுக்கு நடந்தார். பத்தடி முன்னால் மகள் ரோகிணி போய்க்கொண்டிருந்தாள். அவள் தோளில் கல்லூரிப் பை. பைக்குள் அந்த ஸ்வெட்டர்.

புதிதாக இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பூம்பாறையில் பூண்டு போடுகிற திருமலைச்சாமிக்கு வயது நாற்பத்தொன்பது. அவர் மனைவி அழகம்மாள் பதினான்கு மாதத்துக்கு முன்னால், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று, ஊசியிலிருந்து கழற்றாமல் அப்படியே கிடந்தது. கத்தரிப்பூ நிறக் கம்பளி நூல். மெலிந்த உடம்புக்காரியான ரோகிணிக்காகத்தான் அவள் அதை ஆரம்பித்திருப்பாள் என்று அவருக்கு நினைப்பு. அதை முடித்தே தீர வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். முடிக்கவே கூடாது என்று ரோகிணிக்கு.

"அம்மா கை பட்டதுப்பா அது. நீங்க ரெண்டு வரிசை போட்டுக் கெடுத்துட்டீங்கன்னா, திரும்ப யாரு வந்து போடுவா?"

நியாயமான கேள்வி. அதனால் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. ஊசியில் விழுகிற ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. அழகம்மாளின் கைக்கு நாலு அங்குல அகலத்தில் இருபத்திரண்டு கண்ணி விழும். அவளுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்த மகாராணி, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கம்பளிக்கடை வைத்திருப்பவள், அவளுடைய பழைய மப்ளர் ஒன்றில் எண்ணிச் சொன்ன கணக்கு அது. அப்பா மலிவு நூலில் சதுரம் சதுரமாகப் போட்டுப் பழக வேண்டும். அவர் கைக்கும் இருபத்திரண்டு விழுந்தால் அம்மாவின் ஊசியைத் தொடலாம். மார்கழி முடிகிறவரை தவணை. அதற்குள் விழாவிட்டால் ரோகிணி ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிடுவாள், பிறகு பேச்சே கிடையாது.

இது மார்கழியின் கடைசிச் சனிக்கிழமை.

முதல் சதுரத்தில் அவருக்கு விழுந்தது முப்பத்தொன்று. அவ்வளவு இறுக்கம். அடுத்த சதுரங்களில் முப்பது, இருபத்தெட்டு என்று குறைந்து, இரண்டு வாரத்தில் இருபத்தாறுக்கு வந்தது. மகாராணிகூட, "பரவாயில்லையே அண்ணே," என்றாள். அதன் பிறகு இருபத்தாறிலேயே உட்கார்ந்துகொண்டது. ஐந்து வாரம். தடித்த ஊசி வாங்கினார், இருபத்தாறு. வேறு நூல் வாங்கினார், இருபத்தாறு. விடிகாலையில் விறைத்த விரலோடு போட்டால் இருபத்தேழு, மத்தியான வெயிலில் போட்டால் இருபத்தாறு.

இதில் யாருக்கும் சலித்துப்போகும். அவருக்கும் சலித்தது. இரண்டு தடவை ஊசியைப் பரணில் தூக்கிப் போட்டார். மறுபடி ஏறி எடுக்க வைத்தது மனைவி மேல் இருந்த பாசம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மை அது மட்டும் இல்லை. கணக்கு ஏன் இருபத்தாறை விட்டு இறங்கவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. ஒரு பாத்தியில் பூண்டு மஞ்சளடித்தால் வேரைப் பிடுங்கிப் பார்க்காமல் தூங்காத மனிதர் அவர். தினமும் ஊசியை எடுக்கும்போது கையில் ஒரு கேள்வி இருந்தால் போதும், எடுக்க முடிந்தது. கேள்வி இல்லாத நாளில்தான் ஊசி கனத்தது.

அப்படி ஒரு கேள்வியோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். ஞாயிறுதோறும் ரோகிணி அதை வெளியே எடுத்துக் காட்டுவாள். ஊசியில் சுருண்டு கிடப்பதை விரித்துக் காட்ட மாட்டாள். பார்க்கலாம், தொடக்கூடாது. அவர் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து, வரிசை வரிசையாகப் பார்த்தார். அழகம்மாள் கையிலும் குறை இருந்தது. இங்கே இரண்டு வரிசை கொஞ்சம் நெகிழ்ந்து பெரிய கண்ணி. கொஞ்ச தூரம் சீராகப் போய், மறுபடி அதே மாதிரி இரண்டு வரிசை. எண்ணிப் பார்த்தார். ஆறு இடம்.

"இது என்ன ஆறு இடத்துல மட்டும் தொளதொளன்னு கெடக்கு?"

"எனக்கென்ன தெரியும்?" என்று ரோகிணி வெரசாக மடித்து வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் அதே யோசனை. புதன்கிழமை உரமூட்டை ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, வளைவில் கம்பியைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று புரிந்தது. அவள் அதைப் பஸ்ஸில் போட்டிருக்கிறாள். சந்தைக்குப் போகிறபோது. ஆடுகிற வண்டியில் நூலை இழுத்துப் பிடிக்க முடியாது. பஸ் அவள் கையையே நெகிழ்த்தியிருக்கிறது என்றால், என் கையை என்ன செய்யும்?

அதனால்தான் பதினெட்டாவது சதுரத்தைப் பாதியில் நிறுத்தி எடுத்து வந்திருந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் துண்டை விரித்தார். இரண்டு சீட்டு முன்னால் இருந்த ரோகிணி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதுவரை சிவந்திருந்தது.

உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சேனாதிபதிதான் முதலில் ஆரம்பித்தான். "என்ன மாமா, இந்த வருசம் பூண்டுக்குச் சட்டை போட்டு விடப் போறீகளா? பனியில அதுக்கும் குளிரும்ல!"

பஸ் முழுக்கச் சிரிப்பு.

"ஒனக்கும் ஒண்ணு போடுறேன்டா. வாய்க்கு மட்டும்."

"பொம்பளைக சோலியெல்லாம் நீங்க பாத்தா, அவுக இலவச டிவிக்கு டோக்கன் வாங்க லைன்ல போயி நிக்க வேண்டியதுதான்."

"நிக்கட்டுமே. நாம நின்னு என்னத்தக் கிழிச்சோம்?"

வண்டி வளைவில் சாய்ந்தது. ஊசி விலகி, நான்கு கண்ணி கழன்றது. பிடித்துப் போட்டார். அடுத்த வளைவில் தோளை ஜன்னலில் முட்டுக்கொடுத்துக்கொண்டார். நூலை இழுக்கலாம் என்று விரல் போகும், அதற்குள் பள்ளம் வரும். விரல் பாதியில் நின்றுவிடும். பிறகு இழுக்கப் போவதையே விட்டுவிட்டது. சேனாதிபதி ஏதோ சொல்ல, இவர் ஏதோ சொல்ல, மூஞ்சிக்கல் வந்தபோது பத்து வரிசை ஆகியிருந்தது.

மகாராணியின் கடை ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் குல்லாவும் மப்ளரும் தொங்கும். பன்னிரண்டு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். முப்பது வருஷமாகியும் டீயை அவள் டீ என்று சொன்னதில்லை.

"வாங்கண்ணே. தேத்தண்ணி ஊத்தவா? ரோகிணி, நீ அந்த முக்காலியில குந்து."

சதுரத்தை வாங்கி மேசையில் விரித்தாள். புருவம் நெரிந்தது. அடிப்பாதி இறுகி ஒடுங்கி, மேல்பாதி புடைத்துக்கொண்டு, காளான் மாதிரி இருந்தது.

"இதென்ன, ரெண்டு ஆள் போட்டதா?"

"ஒரே ஆளுதான்ம்மா. கீழ வீட்டுல போட்டது. மேல பஸ்ஸுல."

மகாராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். டேப்பை வைத்து, குண்டூசி முனையால் எண்ணினாள். கீழே இருபத்தாறு. மேலே... இரண்டாம் தரமும் எண்ணினாள்.

"இருபத்திரண்டு."

அவர் மகளைப் பார்த்தார். ரோகிணி எழுந்து நின்றுவிட்டாள்.

"அது செல்லாது," என்றாள். "மிச்சத்தையும் பஸ்ஸுலயே போட்டு முடிப்பீங்களா? தெனமும் டிக்கெட் எடுப்பீங்களா? இங்க உக்காந்து போடச் சொல்லுங்கத்த."

அந்தப் பெண் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகாராணி புது நூலைக் கொடுத்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து போட்டார். நிலம் ஆடவில்லை. பார்வையை ஊசியிலிருந்து எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு வரிசை. மகாராணி நூலைப் பார்க்கவில்லை, அவர் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கண்ணே. கண்ணி ஒண்ணு விழுந்ததும் அந்த விரல் ஒரு சுண்டு சுண்டுதே, அது எதுக்கு?"

"எது?"

"இந்தா, இப்பக்கூட."

அவர் தன் விரலைத் தானே முதல் தடவையாகப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"இது பூண்டு கட்டுறதும்மா. தாளோட சேத்துக் கட்டித்தான பரணுல தொங்கவிட்டுப் பொகை போடுறோம்? தாளு காஞ்சா சுருங்கும். கட்டு நெகிழ்ந்து பூண்டு உதிந்துபோகும். அதனால முடிச்சுப் போட்டதும் கடைசியா ஒரு சுண்டு. முப்பத்தஞ்சு வருசமாச் சுண்டுற கை."

"அப்ப நீங்க ஏழு வாரமாப் பூண்டு கட்டியிருக்கீங்க," என்றாள் மகாராணி. "இது காயப்போற சாமானில்லத்தானே? சுண்ட வேணாம். வெளங்குதா?"

விளங்கியது. ஆனாலும் விரல் சுண்டியது. சுண்டாதே என்று நினைத்தால் இன்னும் கூடச் சுண்டியது. மகாராணி டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"சரி. ஊசியைப் பாக்காதீங்க, என்னையப் பாருங்க. பூண்டுக்கு எதுக்குப் பொகை? வெயில்ல காயப்போட்டா ஆகாதா?"

"நல்லாருக்கே! இங்க வெயிலு எங்கம்மா கெடக்கு? மேகம் வந்து உக்காந்தா பத்து நாளு நகராது. அப்புறம் பொகை ஏறுனாத்தான் பல்லு உள்ளுக்குள்ள கெட்டிப்படும். வெதைக்கு வச்சாலும் மொளைக்காமக் கெடக்கும்..."

கேட்கத் தெரிந்தவள். எந்த விறகு, எத்தனை நாள், எலி வராதா, கட்டுவதில் மொட்டைக்கட்டு எப்படி, இரட்டைக்கட்டு எப்படி. அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. பூண்டைப் பற்றி ஒருத்தர் இத்தனை கேள்வி கேட்டு அவர் பார்த்ததில்லை. கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கட்டுறதுக்கு யாரு பழக்கினது?"

"யாரு பழக்குறது? நானும் எந்தம்பியும் பந்தயம் போட்டுக் கட்டுவோம். ஒரு பொழுதுக்கு யாரு நூறு கட்டுன்னு. ஞானவேலு கை காத்து மாதிரி..." அங்கே நின்றது பேச்சு. "அது பழைய கதை. நீங்க வேற கேளுங்க."

ஒன்பது வருஷமாக அவர் வாயிலிருந்து வராத பெயர். ஓடைத் தண்ணீரை எந்தப் பாத்திக்கு முதலில் திருப்புவது என்று ஆரம்பித்த சண்டை, அப்பாவின் கருமாதிப் பந்தலில் கைகலப்பில் முடிந்து, தம்பி, பூம்பாறையைத் தாண்டிப் பஸ் கடைசியாகப் போய் நிற்கிற பெண்டாட்டி ஊர் கிளாவரைக்கே குடிபோய்விட்டான். ரோகிணி டம்ளரைக் கையில் வைத்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகாராணி டேப்பை எடுத்தாள். "போதும். குடுங்க."

குண்டூசி நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. "இந்த வரிசையில ஆறு கண்ணி மட்டும் ஒரேயடியா இறுகிக் கெடக்கு. இங்க என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம இறுகாதே அண்ணே." அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வரிசையை விட்டு மேலும் கீழும் எண்ணினாள். ரோகிணியையும் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள்.

ரோகிணி எண்ணினாள். இருபத்திரண்டு. முடித்ததும் பையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள். பேச்சு மாறாத பெண். ஆனால் கண் கலங்கியிருந்தது. அது சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அழகம்மாளின் ஊசியை எடுத்தார். அவள் கை பட்டுப் பட்டு நுனி வழவழத்திருந்தது. முதல் கண்ணிக்குள் ஊசியை விட்டார். ஒன்று. இரண்டு. அவள் கடைசியாகப் போட்ட வரிசைக்கு மேல் அவருடைய கண்ணிகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. வித்தியாசம் தெரிகிறதா என்று இருபதாவது கண்ணியில் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தெரிந்தது. கொஞ்சம்தான்.

"நல்லா வருதண்ணே," என்று மகாராணி ஊசியில் தொங்கிக்கொண்டிருந்த முதுகுப் பாகத்தை மேசையில் விரித்துவிட்டாள். பழக்கதோஷத்தில் டேப்பையும் வைத்தாள். "பதினாலு அங்குலம். சின்னப்புள்ள சட்டைதானே இது? எட்டு வயசு அளவு. யாருக்கு?"

அவர் ஊசியை நிறுத்தினார். "ரோகிணிக்குத்தான..." என்று ஆரம்பித்து, விரித்துக் கிடந்ததைப் பார்த்தார். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது ஒரு கை அகலம்கூடக் காணாது.

கடைக்கு வெளியே சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று குல்லா விலை கேட்டது. மகாராணி எழுந்து போனாள்.

"யாருக்கும்மா இது?"

"சொன்னா நீங்க முடிக்க மாட்டீங்க."

"சொல்லு."

"முடிக்க மாட்டீங்க, அத அவுத்துக்கூடப் போட்டுருவீங்க. அதுக்குத்தான் தொட வேண்டாம்னு சொன்னேன். கெடுத்துருவீங்கன்னு சொன்னதெல்லாம் சும்மா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கிளாவரைச் சித்தப்பா மகளுக்கு. தேவகுமாரின்னு பேரு. அவளுக்குக் குளிர் ஆகாது, வீசிங் இருக்கு. அம்மா போயிப் பாத்துட்டு வரும். சந்தைக்குன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, எதுத்த பக்கம் பஸ் ஏறிரும். ஆறு தடவ போச்சு. ரெண்டு தடவ நானும் போனேன்."

ரோகிணி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் கையைப் பார்த்தாள். கை சும்மா இருந்தது. அப்புறம் அசைந்தது. இருபத்தொன்றாவது கண்ணி. இருபத்திரண்டு. அவசரமில்லாமல், வரிசை முடிகிற வரை போட்டார். எழுபத்தெட்டு கண்ணி. போட்டு முடித்து ஊசியை மாற்றிப் பிடித்து, முழுசாகத் தூக்கிப் பார்த்தார்.

"அளவு எப்ப எடுத்தது?"

"என்னது?"

"புள்ளைக்கு அளவு. உங்கம்மா எப்ப எடுத்தா?"

"அது... போன வருசத்துக்கு முந்துன புரட்டாசி."

"வெவரமில்லாத புள்ளைகளா இருக்கீங்களே. ஒண்ணேகால் வருசம் ஆச்சு. புள்ள வளந்திருக்காதா? இந்த அளவுல முடிச்சா தலையே நொழையாது." ஏதோ ரோகிணிதான் தப்புப் பண்ணிவிட்டது போல அதட்டினார். "ஓரத்துல எத்தன கண்ணி கூட்டணும், நீளம் எம்புட்டு ஏத்தணும், கை எம்புட்டு விடணும், ஒண்ணும் தெரியாம எப்பிடிப் போடுறது?"

"நான் வேணா நாளைக்குப் போயி அளவெடுத்துட்டு வரட்டாப்பா?"

"நீ அங்குலம்தான் எடுப்ப. கண்ணிக் கணக்கு ஒனக்கென்ன தெரியும்?"

மகாராணியிடம் டேப்பை இரவல் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணி பஸ் கிளம்பும்போது இரண்டு பேரும் ஒரே சீட்டில் இருந்தார்கள். ஸ்வெட்டர் அவர் மடியில் இருந்தது. அதை அவர் பின்னவில்லை.

கண்டக்டர் குருநாதன் பூம்பாறைக்காரர்களைக் கேட்டு டிக்கெட் கிழிக்கிறவன் இல்லை. பார்த்ததும் கிழித்துவிடுவான். "பூம்பாறை ரெண்டு," என்று கிழிக்கப் போனான்.

"பூம்பாறை ஒண்ணு," என்றார் திருமலைச்சாமி. "கிளாவரை ஒண்ணு."

"கிளாவரை ரெண்டுண்ணே," என்றாள் ரோகிணி.

குருநாதன் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தத் தடத்தில் எல்லா வீட்டுக் கதையும் அவனுக்குத் தெரியும்.

"நல்லா யோசிச்சுக்கங்க. வண்டி இன்னைக்கு அங்கதான் நிக்கும். நாளைக்கு வெள்ளனேதான் திரும்பும்." குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "அங்க தங்க வீடு இருக்காண்ணே?"